நூல் கடிக்கிற பல்

என் அண்ணியின் ஒரு பல்லைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ஒரு பல்லுக்கு இவ்வளவு பேச்சா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் வாயில் எல்லாம் வரிசையாக நிற்கிறது, பேசுவார்கள்.

நாங்கள் வேலை செய்யும் கடையில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கடை என்றால் தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியெல்லாம் கிடையாது. மாடியில் நீளமான ஒரு கூடம், சுவரோரம் தையல் மிஷின்கள், நடுவில் துணி வெட்டும் மேசை, கடைசியில் இஸ்திரிப் பெட்டியோடு நான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் கம்பெனி என்று யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு மிஷினிலும் நூல் வெட்ட ஒரு குட்டிக் கத்திரியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அண்ணி அதைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. தையல் முடிந்ததும் குனிவாள், இடது பக்க முன்பல்லுக்குக் கீழே நூலைக் கொடுப்பாள், தலையை ஒரு வெட்டு வெட்டுவாள். துணியோடு ஒட்ட அறுந்திருக்கும். ஒரு பிசிறு நீட்டிக்கொண்டு நிற்காது. கட்டிங் மாஸ்டர்தான் அந்தப் பெயரை வைத்தவர். சாணை பிடிக்கிற ஆள் மாடியேறி வரும்போதெல்லாம், "ஏம்மா கத்திரி, வாயக் கொண்டா, முதல்ல உன்னோடத தீட்டிரலாம்" என்பார். ஒரே ஜோக்கு, வருஷக்கணக்காக. அவளும் வருஷக்கணக்காகச் சிரித்தாள். வாய் நிறையச் சிரிப்பாள், கடைவாய்ப்பல் தெரியும்.

அவள் எனக்கு முதலில் அண்ணி இல்லை, பக்கத்து ஸ்டூல். என் அண்ணன் அப்போதுதான் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்திருந்தான். எங்கள் கடையில் தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் பையை மாட்டியதும் மூன்றாவது பித்தான் பிய்ந்து தொங்கியது. வண்டி எடுக்க நேரமாகிறது என்று மாடிக்கு ஓடி வந்தான். "கழட்ட வேணாம், நில்லுங்க" என்று இவள் போட்ட சட்டையிலேயே தைத்தாள். தைத்து முடித்து, அவன் நெஞ்சில் முகம் படுகிற மாதிரி குனிந்து, நூலைக் கடித்தாள். என் அண்ணன் காதுமடல் வரைக்கும் சிவந்து போனான். மறுநாள் வேறொரு பித்தான் பிய்ந்தது. அது தானாகப் பிய்ந்ததா, பிய்த்துக்கொண்டு வந்தானா என்று நான் இன்றுவரை கேட்கிறேன், அவன் இன்றுவரை பதில் சொல்லவில்லை. அப்படித்தான் அவள் எனக்கு அண்ணியானாள்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நானும் அந்த வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டேன். அண்ணியின் வீட்டு மிஷினும் கிடக்கிற ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஹாலை ஒட்டி எனக்கு ஒரு தடுப்பு அறை. அவர்களுடைய ஒரே மகன் வெளியூரில் வேலை. காலையில் அண்ணன் சீருடை மாட்டிக்கொண்டு நிற்பான், அண்ணி ஊசியோடு வருவாள். பையின் வார் இழுத்து இழுத்து அந்த மூன்றாவது பித்தான் அடிக்கடி ஆடும். போட்ட சட்டையிலேயே தைப்பாள், குனிந்து கடிப்பாள். நான் அடுப்பங்கரையில் இருந்துகொண்டு, "வெட்கமே இல்லையா, வீட்ல ஒருத்தி இருக்கேன்" என்று கத்துவேன். "நூல்தானடி கடிக்கிறேன்" என்பாள்.

இனிமேல் சொல்வது நன்றாக இருக்காது.

அவளுக்கு ஒரு சொத்தைப்பல் கிடையாது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ் முரடு என்று சொல்லி வேறு வாங்கினாள். அதிலும் வந்தது. சரி, அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்று முன்பக்கத்தைத் தேய்க்காமலே விட்டுவிட்டாள். வலிக்கவில்லையே! வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பாள். வலிக்காத சனியன் வாய்க்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஈறு மேலே ஏற ஏறப் பல் நீளமாகத் தெரிந்தது. பிறகு முன்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே சந்து விட்டது. அவளுக்கு விஷயம் உறைத்தது கண்ணாடியில் இல்லை, மிஷினில். ஒருநாள் நூல் அறாமல் அந்தச் சந்துக்குள் நழுவிப் போனது. திரும்பக் கடித்தாள், திரும்ப நழுவியது. "நூல் மட்டமா வருதுடி" என்றாள்.

அதற்கு முன்பே வேறொன்று நடந்திருந்தது. ஒரு கோடையில் அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தான். "உள்ள காத்தே வரல" என்றான். நியாயம்தான், வெயில் அப்படி. கோடை போய் மழை வந்தது. மழை போய்ப் பனி வந்தது. ஹால் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கும், அங்கே படுத்தால் காது விறைத்துப் போகும். போர்வைக்கு மேல் போர்வை போட்டுக்கொண்டு அங்கேயே படுத்தான். சாப்பிடும்போது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் திரும்புவான். பித்தான் பிய்ந்தால் டெப்போவிலேயே யாரிடமோ குண்டூசி வாங்கிக் குத்திக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது நான் நடுவில் புகுந்து ரெண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

அண்ணி பேசும்போது வாயில் கை வைக்க ஆரம்பித்தாள். கடையில் கழுத்தில் கிடக்கும் டேப்பின் நுனியை எடுத்து உதட்டின் மேல் வைத்துக்கொண்டு பேசுவாள். சாணைக்காரன் வந்தபோது மாஸ்டர் தன் ஜோக்கைச் சொன்னார். அவள் உதட்டைப் பிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன்.

பல் ஆடத் தொடங்கியதும் நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஈறுக்கென்றே படித்த டாக்டர், சின்னப் பெண், என் மகனுக்கு ஒரு அக்கா இருந்தால் அந்த வயசு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், எனக்கு மகனே கிடையாது என்பது வேறு விஷயம். அண்ணியைச் சாய்ந்த நாற்காலியில் படுக்கவைத்து, கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி இறக்கிப் பார்த்தாள். முன்பல்லின் நுனியில் விரலை வைத்தவள், "நீங்க டெய்லராக்கா?" என்றாள். நுனியில் நூல் அறுத்து அறுத்துச் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அண்ணி வாயைத் திறந்தபடியே ஆமாம் என்று தலையாட்டினாள்.

பிறகு டாக்டர் சாதாரணமாகக் கேட்டாள்: "வாய்ல வாடை வருதுன்னு வீட்ல யாராவது சொன்னாங்களா?"

அண்ணி மேலே இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "சொல்லல" என்றாள். கொஞ்சம் கழித்து, "யாருமே சொல்லல" என்றாள்.

திரும்பி வரும் வழியில், பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லாத பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தோம். "உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? எனக்குத்தான் எப்பவும் மூக்கடைப்பு."

"உனக்கு என்னைக்குடி மூக்கடைச்சுது?" என்றாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டோம்.

முதலில் ஈறுக்கு அடியில் வேர்வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பாதி வாய் ஒருமுறை, மீதி இன்னொரு முறை. ரத்தம் நின்றது, ஈறு வெளிறி இறுகியது. வாடையும் நின்றது. அதை என்னைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான். ஆனால் அந்த இடது முன்பல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அதன் ஓரத்தில் எங்கோ ஆழத்தில் சீழ் கட்டிக்கொண்டே இருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி எங்களை உட்காரவைத்துப் பேசினாள்.

"எலும்பு கரையறது ரெண்டு விதம்க்கா. கீழ்வரிசையப் பாருங்க, மொத்தமா ஒரே மட்டத்துல இறங்கிடுச்சு. அங்க எதப் போட்டாலும் நிக்காது, மேசை மேல சர்க்கரையக் கொட்டின மாதிரி சரிஞ்சிரும். இருக்கிறதக் காப்பாத்தணும், அவ்வளவுதான். ஆனா இந்த மேல்பல்லு ஓரமா கெணறு மாதிரி ஒரு குழி. ஒடுக்கமா, ஆழமா. மூணு பக்கமும் எலும்புச் சுவரு நிக்குது. கப்புக்குள்ள போட்டா சர்க்கரை நிக்கும்ல? இதுல முயற்சி பண்ணலாம்."

"என்ன போடுவீங்க?" என்றேன் நான்.

"அதத்தான் நாம பேசி முடிவு பண்ணணும். ஒண்ணுமே போடாம, ஈறத் தெறந்து சுத்தம் பண்ணித் தைச்சும் விடலாம். குழி கொஞ்சம் சின்னதாகும், எலும்பு பெருசா வராது. எலும்புத்தூள் போடலாம். அதுல பல வகை. உங்க தாடையிலேயே பின்பக்கமா சுரண்டி எடுக்கலாம். அது உசுரோட இருக்கிற எலும்பு, நல்லது, ஆனா இன்னொரு எடத்துல புண்ணு. இறந்தவங்க தானம் குடுத்த எலும்ப சுத்தம் பண்ணி வருது. மாட்டெலும்பு வருது, சுட்டு, உள்ள இருக்கிறதெல்லாம் எடுத்துட்டு வெறும் கூடு மாதிரி. அது ரொம்ப நாள் கரையாம நின்னு தாங்கும். செயற்கையாவும் பண்றாங்க."

"அப்புறம் இந்த ஜவ்வுன்னாங்களே, நர்சம்மா" என்றாள் அண்ணி. வாயில் கையை வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"ஆமா. ஈறு வேகமா வளரும், எலும்பு மெதுவா வளரும். விட்டா ஈறு உள்ள பூந்து எடத்தப் பிடிச்சுக்கும். அதனால நடுவுல ஒரு மெல்லிய ஜவ்வு வச்சு மறிச்சுட்டோம்னா எலும்புக்கு நேரம் கிடைக்கும்."

"காலர் விறைப்பா நிக்க உள்ள கேன்வாஸ் வைக்கிற மாதிரி" என்றாள் அண்ணி.

"அது தாங்கறதுக்கு, இது தடுக்கறதுக்கு" என்று சிரித்தாள் டாக்டர். "இன்னொண்ணு, ஜெல். வேர் மேல தடவிட்டுத் தைச்சுருவோம். பல்லு முளைக்கும்போது சுரக்கிற புரதம் அது, பன்னிக்குட்டியோட பல் முளையில இருந்து எடுக்கறது. ஒடுக்கமான குழிக்கு நல்லா வேலை செய்யுது, வீக்கமும் கம்மி. உங்க ரத்தத்தையே எடுத்துச் சுத்தி, அந்தக் கட்டிய வைக்கிறதும் உண்டு. புண்ணு சீக்கிரம் ஆறும். அத மட்டும் நம்பி இவ்வளவு ஆழத்த விட எனக்கு மனசு இல்ல."

"இதுல எது போட்டா பழையபடி ஆகும்?" என்றாள் அண்ணி.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடிக்கும். "பழையபடி எதுலயும் ஆகாதுக்கா. குழி பாதி ரொம்பினாலே நான் சந்தோஷப்படுவேன். பாதி ரொம்பினா பல்லு நிக்கும். உங்க குழிக்கு ஜெல்லோ, மாட்டெலும்பும் ஜவ்வுமோ, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். வீட்ல பேசிட்டு வாங்க."

வீட்டில் பேசினோம். பேசியிருக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் இறைச்சியோடு தட்டில் உட்கார்ந்திருந்தான். நான் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். மாட்டெலும்பு என்றதும் முகத்தைச் சுளித்தான். பன்றி என்றதும் கையை உதறினான். "கருமம். வாய்க்குள்ளயா? அத வச்சுக்கிட்டா நாளெல்லாம் திரிவா?"

"தட்டுல கெடக்கிறது மட்டும் என்ன, மரத்துல காய்ச்சுதா?" என்றேன்.

"சாப்பிடற நேரத்துல இதெல்லாம் பேசணுமா?" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். அண்ணி அவன் விட்டுப்போன தட்டை எடுத்து அடுக்கினாள். அவளுடைய முகத்தை நான் பார்த்தேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டாள் என்று தெரிந்தது.

அடுத்தமுறை போனபோது, "என்னோட எலும்பையே எடுத்துப் போடுங்க டாக்டர்" என்றாள்.

"தாராளமா. ஆனா ரெண்டு எடத்துல வலிக்கும். இன்னொரு புண்ணு எதுக்கு? எதுக்காவது பயப்படறீங்களா?"

"பயமில்ல. என்னோடதுன்னா யாரும் மூஞ்சியச் சுளிக்க மாட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? எங்கண்ணன் ஒரு மடையன் என்றா? குழி சின்னதுதான், உங்களுடையதே போதும் என்று ஒத்துக்கொண்டாள். ஜவ்வும் எந்த மிருகத்தினுடையதும் வேண்டாம் என்றதால் செயற்கையானதை வைப்பதாகச் சொன்னாள். உடம்புக்குள் தானாகக் கரைகிற தையல்நூல் எதில் செய்கிறார்களோ அதே சாமானாம். அதைக் கேட்டதும் அண்ணிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நூல் என்றால் அவளுக்குத் தெரிந்த விஷயம் அல்லவா.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது ஒரு பக்கம் உதடு வீங்கி, இன்னொரு பக்கம் தாடை வீங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை. பல்லின் பின்புறம் மெல்லிய கம்பி வைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒட்டியிருந்தார்கள். டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அரை வருஷத்துக்கு முன்பல்லால எதையும் கடிக்கக் கூடாதுக்கா. பழம் கூடாது, ரொட்டி கூடாது. நூல் கூடவே கூடாது. உள்ள இருக்கிறது அசையாம கெடந்தாத்தான் எலும்பாகும். ஒருதடவ இழுத்தாலும் போச்சு."

கடைக்கு வந்த முதல்நாள் மாஸ்டர் தன்னுடைய நல்ல கத்திரி ஒன்றை நாடாவில் கட்டி அவள் கழுத்தில் மாட்டி, வீட்டிலும் கழற்றாதே என்றார். நான் முகக்கவசம் மாட்டிவிட்டேன். மாஸ்க் இருந்தால் கடிக்க முடியாதே என்று என் மூளை. முதல் சட்டை முடிந்ததும் குனிந்தாள். மாஸ்கோடு போய் நூலில் முட்டி நின்றாள். மொத்தக் கடையும் சிரித்தது. பத்துச் சட்டைக்கு ஒருமுறையாவது முட்டினாள். கையும் தலையும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. நான் இஸ்திரி மேசையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன், தலை குனிந்தால் நூல்கண்டை எடுத்து அடிப்பேன். "கொலகாரி" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து திட்டுவாள். அந்த நாட்களில் அவள் கண் சிரித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன்.

வீட்டிலும் ஏதோ இளகிக்கொண்டிருந்தது. வாடை போனது அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது, அவனும் மூக்குள்ளவன்தானே. டிவி பக்கம் போகாமல் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். ஒருநாள் அவள் கஞ்சியைப் பார்த்து, "இதையே எத்தன நாள் குடிப்ப?" என்று கேட்டான். அவள் அதை என்னிடம் கடையில் இரண்டு தரம் சொன்னாள். அதற்கு ஏங்கிப் போயிருந்தாள், வேறென்ன சொல்ல. பல்லைக் காப்பாற்ற அவள் இத்தனை பட்டது நூல் கடிக்கவா? அந்தப் பாய் திரும்ப உள்ளே வர வேண்டும், அதற்குத்தான். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அந்த மடையனுக்குத்தான் தெரியாது.

தையல் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் ஈறைப் பார்த்துவிட்டு, நல்லா மூடியிருக்கு, இப்படியே விட்டுட்டா போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். அண்ணன் சீருடையை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கையறை வாசலில் வந்து நின்றான். மூன்றாவது பித்தான் ஒற்றை நூலில் தொங்கியது.

"இதக் கொஞ்சம் தைச்சு விடேன்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை! ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை நுனியை எச்சில் தொட்டு முறுக்கினாள், நான் இங்கிருந்தே பார்த்தேன். கடைசியில் கோத்தாள், இரட்டை நூலாக. பஸ் பை இழுத்தாலும் அறாத முரட்டு நூல். அவன் எதிரே நின்று தைத்தாள். அவன் தலையைத் திருப்பவில்லை. அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கக் கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டில் எதற்கு மாஸ்க்? மாஸ்க் இல்லை. நூல்கண்டும் என் கையில் இல்லை.

குனிந்து கடித்தாள்.

நூல் சந்துக்குள் இறங்கிப் பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கம்பியில் மாட்டிக்கொண்டது. எப்போதும்போலத் தலையை ஒரு வெட்டு வெட்டினாள், நூல் அறுந்தது. எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் நெற்றியை அவன் நெஞ்சில் வைத்தபடியே நின்றாள். அண்ணன் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டான். அவள் முதுகில் லேசாகக் கை வைத்தான். "சரி, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, விசில் ஊதிக்கொண்டே படியிறங்கிப் போனான். அவள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

அன்று சாயங்காலம் பாய் உள்ளே போனது.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போகவேண்டிய நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். பொங்கிக்கொண்டு வந்தது எனக்கு, ஏன் என்று கேட்டால், "வேலை கெடக்குடி" என்பாள். கடையில் ஒருநாள் மாஸ்க்கைக் கீழே இழுத்து உள்ளங்கையில் எதையோ துப்பிப் பார்த்தாள். நான் போய்க் கையைப் பிரித்தேன். மணல் மாதிரி நாலைந்து துணுக்கு. அவள் தாடையில் சுரண்டி எடுத்த எலும்பு.

"என்னடி பண்ணின?" அண்ணி என்றுகூடச் சொல்லவில்லை, கத்தினேன்.

"பித்தான் தைச்சேன்ல அன்னைக்கு."

"கழுத்துல அவ்வளவு பெரிய கத்திரி தொங்குச்சேடி பாவி!"

"தொங்குச்சு" என்றாள். "அவரு நெஞ்சுல குத்திரக் கூடாதுன்னு கழட்டி வச்சுட்டேன்."

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு வெள்ளைச் சட்டை கருகிப் போயிருந்தது. மாஸ்டர் அதைச் சுருட்டி மேசைக்கு அடியில் போட்டார்.

வாடை திரும்ப வந்தது. முன்னைவிட மோசமாக. சில நாள் கழித்து அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தான். "உள்ள காத்தே வரல" என்றான். வெளியே பேய் மழை.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவன் பாயை விரித்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் போய் நின்றேன். "எங்க காத்து வரல? உன் மூக்குலயா? ஏன்டா, வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? எலும்பு கரையுறதுக்கு முன்னாடியே போய்க் காட்டியிருப்பாளே! எலும்ப சுரண்டிப் போட்டுக்கிட்டாளே, உன் மூஞ்சிக்காக! அதுவும் போச்சு. எப்பப் போச்சு தெரியுமா? உன் பித்தானக் கடிச்சாளே, அன்னைக்குத்தான்டா போச்சு!"

அவன் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது, கொஞ்சம் கழித்துத் திரும்ப ஓடியது. நான் போய்ப் படுத்துவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு கத்தி அவ்வளவு பயனில்லாமல் போனது கிடையாது.

டாக்டர் ஈறைத் திரும்பத் திறந்து பார்த்தாள். ஜவ்வு விலகி வெளியே தெரிந்தது, போட்டதெல்லாம் சீழில் ஊறியிருந்தது. குழியின் ஒரு பக்கச் சுவரும் போயிருந்தது. "இன்னொரு தடவ முயற்சி பண்ணலாமா டாக்டர், மாட்டெலும்போ, எதுவோ, எதுன்னாலும் பரவால்ல" என்று கேட்டது நான்தான். அந்தப் பெண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிக்கிறதுக்குச் சுவரு இல்லக்கா" என்றாள். பல்லைப் பிடுங்குவதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கையோடு வந்துவிட்டது. அண்ணி அதை வாங்கி, நுனியில் இருந்த பள்ளத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நர்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்த இடத்தில் கழற்றி மாட்டுகிற பொய்ப்பல் இருக்கிறது. பார்க்க அச்சு அசல் பல்தான். நூல் வைத்தால் அண்ணத்தில் ஒட்டியிருக்கும் தட்டோடு கழன்று வரும். வாடை சுத்தமாக இல்லை. அது போய் ரொம்ப நாள் ஆகிறது. அண்ணன் ஒருநாள் ஹாலில் நின்று, "இன்னைக்கு உள்ள படுத்துக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டான். என்னிடம்! நான் போய் அவளிடம் சொன்னேன்.

அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "வேணாம்டி, அங்கயே இருக்கட்டும்" என்றாள். "அந்தப் பாய் வெளிய போறத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கழுத்தில் எப்போதும் கத்திரி தொங்குவதால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் ஆமாம் என்றே சொல்லிவிடுகிறாள். மாஸ்டர் இப்போது சாணைக்காரன் வந்தால் தன் கத்திரிகளை மட்டும் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

மூன்றாவது பித்தான் இன்னும் பிய்ந்துகொண்டுதான் இருக்கிறது. அண்ணன் இப்போது குண்டூசி குத்திக்கொள்வதில்லை. காலையில் சட்டையைக் கழற்றி அவள் மிஷின்மேல் போட்டுவிட்டு, பனியனோடு ஹாலில் போய் நிற்கிறான். அவள் தைக்கிறாள், கத்திரியை எடுத்து நூலை வெட்டுகிறாள், சட்டையைக் கதவின் கொக்கியில் மாட்டுகிறாள். அவள் அடுப்பங்கரைக்கு வந்த பிறகு அவன் போய் அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறான்.